பவர் ஹவுஸ் பல்பு

அசரியா கீப்பிங், கம்பெனியின் ஆணி ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டு போனவர் இல்லை. இதை ஊர் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். மனுஷரிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான் என்று வெகுகாலம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரையில் ரோடே இல்லாத ஊர் ஸ்கில்லெட் கோவ். எது வந்தாலும் கப்பலில்தான் வரும். மாவு, டீசல், பாதிரியார், ஓட்டுக் கேட்கிறவர் எல்லாம். மீன் ஆலை வந்தபோது அதோடு பவர் ஹவுஸும் வந்தது. சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த அசரியாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் ஆபரேட்டர். சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவரும் அவர்தான். சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் 'அசரியா மாமா'.

பவர் ஹவுஸில் இரண்டு டீசல் மெஷின்கள். வீடுகளுக்கும் சர்ச்சுக்கும் ஒன்று போதும். மீன் ஆலை ஓடுகிற நாளில் இரண்டாவதையும் ஓட்டி, முதல் மெஷினோடு அதே லைனில் சேர்க்க வேண்டும். இந்தச் சேர்ப்பது இருக்கிறதே, அது லேசுப்பட்ட காரியம் இல்லை. படகைக் கரைக்கு இழுக்கிறோம். பாட்டுக்காரன் குரல் கொடுக்கிற அந்த நொடியில் அத்தனை பேரும் சேர்ந்து இழுக்க வேண்டும். ஒருவன் மாற்றி இழுத்தால் கயிறும் போகும், இடுப்பும் போகும். கரண்டும் அப்படித்தான் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுகிறது. இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். அந்த நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டால் சத்தமே இருக்காது. தப்பினால் இரும்பே முறியும்.

நேரம் பார்ப்பதற்கென்று முள் வைத்த மீட்டர் ஒன்று இருந்தது. அது பழுதாகி, ரிப்பேருக்குத் தலைநகர் செயின்ட் ஜான்ஸுக்குப் போனது போனதுதான், திரும்பி வந்தபாடில்லை. மிச்சம் இருந்தது சுவிட்ச் போர்டில் இரண்டு பல்புகள். வீட்டில் போடுகிற அதே சாதாரண பல்புதான். ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டியது. மெஷின்கள் ஒத்துப்போகாதபோது இரண்டும் எரியும். ஒத்துவர ஒத்துவர மெதுவாக எரிந்து அணையும், எரிந்து அணையும். முழுசாக இருண்டு நிற்கிற நேரத்தில் சுவிட்சைப் போட வேண்டும். எங்கள் பவர் ஹவுஸில் இருட்டுதான் நல்ல சேதி. அதனால் ஆபரேட்டர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. இருட்டை நம்புவதற்கு முன்னால் ஒருமுறையாவது பல்பு எரிந்ததைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இரண்டில் ஒன்று செத்தாலும் இரண்டும் எரியாது. அந்த இருட்டும் இந்த இருட்டும் பார்வைக்கு ஒன்றுதான்.

அசரியாவுக்கு அடுத்த ஷிஃப்ட்காரன் வில்லிஸ் ஹான். நாற்பது தாண்டியவன், நாலு பிள்ளைக்காரன். நல்ல வேலைக்காரன், கொஞ்சம் அவசரக்காரன். ஊரிலேயே குறி தப்பாமல் கடல்வாத்து சுடுகிறவன் யார் என்றால் எல்லோரும் அவனைத்தான் காட்டுவார்கள். அவன் ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது கோட்டுப் பை புடைத்திருந்தது. அசரியா கண்ணில் பட்டுவிட்டது.

"என்னடா அது, பைக்குள்ள?"

"ஒரு பல்பு மாமா. அடுப்படியில ஃபியூஸ் போயிடுச்சு. பெட்டியில நாலஞ்சு கிடந்துது, அதான்..."

"இன்னைக்கு பல்பு. நாளைக்கு இன்ஜினைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போவியா? வைடா அங்க."

டீசல் பீப்பாய் உருட்ட வந்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதில் பாதிப் பேர் வீட்டில் கம்பெனி பல்புதான் எரிந்தது. வில்லிஸ் காது மடல் வரை சிவந்துபோய், பல்பை எடுத்து மேஜைமேல் வைத்தான். "கை நீளமான பயலுக்கும் எனக்கும் ஒத்துவராது" என்று அசரியா இன்னொரு தரம் சொன்னார், யாருக்காவது கேட்காமல் போயிருக்குமோ என்று. அப்படியொரு பெருமை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதத்துக்கு ஒருமுறை படகில் வருகிற பாதிரியார் அன்று அசரியா வீட்டில் டீ குடிப்பதாக ஏற்பாடு. அசரியாவின் மனைவி டல்சி முன்னறையைத் துடைத்து, நல்ல கோப்பைகளை எடுத்து வைத்து, வெளிச்சம் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டாள். 'டிக்' என்றது, பல்பு போய்விட்டது. வீட்டில் மொத்தம் இரண்டே பல்பு, மற்றது அடுப்படியில். மாடியில் மண்ணெண்ணெய் விளக்குதான். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கமாட்டார்கள். கடைக்காரரைக் கதவு தட்டிக் கூப்பிட்டால் ஓய்வுநாளில் வியாபாரம் பேசினார் என்ற பேர் வரும்.

"பாதிரியார் முகம் அவருக்கே தெரியாத இருட்டுல நான் எப்படி டீ ஊத்துவேன்? நாலு மணிக்கே இருட்டிடுது. எங்கயாவது ஒரு பல்பு பாருங்க" என்று டல்சி சொல்லி அனுப்பினாள். அன்று காலை ஷிஃப்ட் அசரியாவுக்கு.

பவர் ஹவுஸ் பெட்டியில் உபரி பல்பு தீர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமைக் கப்பலில்தான் வரும். கூரையில் எரிகிற பல்பு ஒன்றைக் கழற்றினால் அந்த இடம் பல் போன வாய் மாதிரி தெரியும். போர்டில் இருந்த அந்த இரண்டும்தான் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் வேண்டாதவை. ஆலை லீவு, ஒரே மெஷின்தான் ஓடும், சேர்க்கிற வேலையே இல்லை. திங்கட்கிழமை காலை இரண்டாவது மெஷினைக் கிளப்பப் போவதும் அவரேதான். அதற்குள் திரும்ப மாட்டிவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நல்ல பல்பு ஒன்றைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த செத்த பல்பை அந்த இடத்தில் திருகினார். வெறும் சாக்கெட்டாக விட்டால் யாராவது கேட்பார்கள் அல்லவா?

மதியம் வில்லிஸ் வந்தான். "ஏதாவது விசேஷம் உண்டா மாமா?" என்று வழக்கம்போலக் கேட்டான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'டேய், போர்டு பல்பு ஒண்ணை எடுத்துட்டுப் போறேன், நாளைக்கு மாட்டிடறேன்.' அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்வது? மேஜைமேல் பல்பை வைக்கச் சொன்ன வாயாயிற்றே. அவன் சிரித்தால்? கோட்டுப் பை புடைத்திருப்பதை மறைத்து ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டே, "ஒரு விசேஷமும் இல்லை" என்று சொல்லிவிட்டு அசரியா வீட்டுக்குப் போனார்.

பாதிரியார் டீ குடித்தார், கேக்கைப் புகழ்ந்தார், அறை எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்றார். டல்சிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மாலை ஆராதனையில் இரண்டாவது பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். சர்ச் விளக்குகள் திடீரென்று மங்கின, ஒரு கணம் கண் கூசப் பிரகாசித்தன, அணைந்தே போயின. அடுத்தாற்போல் துறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டமார் என்று ஒரு சத்தம். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஜனங்கள் பாட்டை நிறுத்தவில்லை. கரண்ட் போவது எங்களுக்குப் புதிசா என்ன? யாரோ மெழுகுவர்த்தி தேடினார்கள். அசரியாவின் பாட்டு மட்டும் பாதியில் நின்றது. அந்தச் சத்தம் என்ன என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர். யாரோ இரண்டாவது மெஷினைச் சேர்க்கப் பார்த்திருக்கிறார்கள்.

காணிக்கைத் தட்டைப் பெஞ்சில் போட்டுவிட்டு ஓடினார். சர்ச்சிலிருந்து பவர் ஹவுஸுக்கு நேர் வழி. அவர் அந்த வழியில் போகவில்லை. வீட்டுப் பக்கம் ஓடினார்.

டல்சி பாத்திரம் கழுவிக்கொண்டு வீட்டில்தான் இருந்தாள். இருட்டில் யாரோ முன்னறைக்குள் புகுந்து, பாதிரியார் உட்கார்ந்த நாற்காலிமேல் ஏறி நிற்பது தெரிந்தது. "ஐயோ, யாரு?" என்று கத்தினாள். பிறகு ஆள் அடையாளம் தெரிந்து, "என்ன பண்றீங்க? எதுக்கு அதைக் கழட்டுறீங்க?" என்றாள்.

"வாயை மூடு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை.

பவர் ஹவுஸில் புகையும் காந்தல் நாற்றமும். ஏழெட்டுப் பேர் டார்ச் அடித்துக்கொண்டு இரண்டாவது மெஷினைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். இன்ஜினையும் ஜெனரேட்டரையும் பிணைக்கிற போல்ட்டுகள் கத்தரித்துப் போயிருந்தன, ஷாஃப்ட் வளைந்திருந்தது. விஷயம் இதுதான். கடலில் ஐஸ் தீர்ந்துபோன மீன்பிடிக் கப்பல் ஒன்று வயிறு முட்டச் சரக்கோடு எதிர்பாராமல் வந்திருக்கிறது. குளிர் அறையை உடனே ஓட்டு என்று ஆலை மானேஜர் போனுக்குமேல் போன் போட்டிருக்கிறார். வில்லிஸ் இரண்டாவது மெஷினைக் கிளப்பி, வேகம் சரிபார்த்து, பல்பைப் பார்த்திருக்கிறான். இருட்டு. பழக்கப்படி ஒருதரம் எரிகிறதா என்று காத்திருக்க வேண்டும். போன் மறுபடி அடித்திருக்கிறது. சுவிட்சைப் போட்டுவிட்டான்.

மெஷினைப் பார்த்தார்களே தவிர யாரும் போர்டைப் பார்க்கவில்லை. அசரியா போர்டுப் பக்கம் போய், இருட்டில் தடவி, செத்ததைக் கழற்றி நல்லதை மாட்டினார். கை நடுங்கவே இல்லை. அதை நினைத்து நினைத்துப் பின்னால் அவர் வெட்கப்பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. எப்பேர்ப்பட்ட கை, ஒரு நடுக்கம் இல்லாமல் அந்த வேலையைச் செய்தது!

வில்லிஸ் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் கோட்டைப் பிடித்துக்கொண்டான். "மாமா, விளக்கு அணைஞ்சுதான் இருந்துச்சு மாமா. சத்தியமாச் சொல்றேன். மெஷினைக் கிளப்பினதுலேருந்து ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை."

"சரி, சரி. பேசாம இரு" என்றார் அசரியா. செத்த பல்பு அவர் கோட்டுப் பையில், அவன் பிடித்திருந்த கைக்குச் சாண் தூரத்தில் இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் அதைத் துறைமுகத் தண்ணீரில் வீசினார். பல்பு மிதக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காலையில் பார்த்தால் படகுத்துறைத் தூணில் மோதி மோதி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கடற்காகம் அதைக் கொத்திப் பார்த்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் காற்று மாறியதும் அது போய்விட்டது.

செயின்ட் ஜான்ஸிலிருந்து இன்ஜினியர் வந்தார். பவர் ஹவுஸ் மேலதிகாரி கிராண்டி, வில்லிஸ், அசரியா மூன்று பேரையும் போர்டுக்கு முன்னால் நிற்கவைத்து, ஓடுகிற மெஷினின் கரண்டைப் பல்புகளுக்குக் கொடுத்தும் நிறுத்தியும் சோதித்தார். பல்புகள் அழகாக எரிந்தன, அழகாக அணைந்தன.

"வெளிச்சத்தை ஒருதரமாவது பார்த்தியாப்பா?"

"இல்லைங்க சார். எரியவே இல்லை. இருட்டாவே இருந்துச்சு."

"இப்ப எரியுதே?"

வில்லிஸ் பல்பையே பார்த்தான்.

இன்ஜினியர் திரும்பி, "நீங்க சொல்லுங்க மிஸ்டர் கீப்பிங். இந்த விளக்கு எப்பவாவது எரியாம ஏமாத்தியிருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார். ஒருநாளும் இல்லை" என்றார் அசரியா.

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் ஆணிகூட எடுத்ததில்லை என்று சொல்லி வந்த வாயால் சொன்னார். அந்த வாய் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. கை நீளமான பயல்கள் யாராவது சொல்லியிருந்தால் இன்னொரு கேள்வியாவது கேட்டிருப்பார்கள்.

வில்லிஸைப் போர்டு வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று கிராண்டி சொன்னபோது அசரியா குறுக்கே விழுந்து, பிள்ளைகுட்டிக்காரன், பீப்பாய் உருட்டவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். அதையும் செய்தார்! ஊர் அதைப் பார்த்து, அசரியா மாமாவுக்கு என்ன மனசு என்றது. புது ஷாஃப்ட் வருகிறவரை ஒரே மெஷின்தான் என்பதால் மீன் ஆலை பாதிநாள் மூடிக்கிடந்தது. வேலை இழந்த பெண்கள் வில்லிஸின் மனைவி பிளாஞ்சைக் கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வில்லிஸுக்கு 'டமார்' என்று பேர் வந்துவிட்டது. தீக்குச்சி உரசினால்கூட "ஏய் டமார், கண்ணைத் திறந்து பார்த்துக்கோ, எரியுதா?" என்பார்கள். எங்கள் ஊர் வாய்க்குப் பூட்டு கிடையாது.

இதெல்லாம்கூட அசரியா மென்று விழுங்கியிருப்பார். பழக்கத்தை மீறியது அவன்தானே, ஒருதரம் வெளிச்சம் பார்த்திருக்க வேண்டியதுதானே என்று ராத்திரி படுக்கையில் தனக்குத்தானே வக்கீலாக வாதாடுவார். வாதம் ஜெயிக்கும். தூக்கம் மட்டும் வராது. முன்னறையில் பல்பு இல்லாத சாக்கெட் அப்படியே தொங்கியது. டல்சி வேறு பல்பு கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் வில்லிஸ் ஒரு ஜோடி கடல்வாத்தோடு வந்து கதவைத் தட்டினான்.

"உங்களுக்குத்தான் மாமா. ஊர்ல எனக்காகப் பேசின ஒரே ஆள் நீங்க. இல்லைன்னா இந்நேரம் நான் மூட்டை கட்டியிருப்பேன்."

"அதெல்லாம் எதுக்குடா..." என்று அசரியா இழுத்தார். டல்சி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதுதான் கடைசி வேட்டை. துப்பாக்கியை மச்சான் செஸ்லிகிட்ட குடுத்துட்டேன்."

"உன் துப்பாக்கியையா? ஏன்?"

வில்லிஸ் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "நர்ஸம்மாகிட்ட போய்க் கண்ணைக் காட்டினேன் மாமா. அட்டையில இருந்த அத்தனை எழுத்தையும் படிச்சேன், கடைசி வரி வரைக்கும். கண்ணுல ஒண்ணுமில்லைங்கறாங்க. அப்போ கோளாறு எங்க? உள்ள இருக்கு." நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினான். "எரியற விளக்கு மூணடி தூரத்துல இருக்கு, எனக்கு இருட்டாத் தெரியுது. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, ஞாபகம் இருக்கா? கடைசியில எங்கம்மாவையே யாருன்னு கேட்டாரு. என் பிள்ளைங்க படகுல முன்னால உட்கார்ந்திருக்கும்போது நான் எப்படித் துப்பாக்கியைத் தூக்குவேன், சொல்லுங்க?"

அசரியா வாயைத் திறந்தார். "வில்லிஸ்..." என்றார்.

"என்ன மாமா?"

"வாத்து... நல்ல கொழுத்த வாத்து."

அவன் போன பிறகு டல்சி வாத்தைச் சுத்தம் செய்து, உப்புப் பன்றிக்கறி வைத்து, வெங்காயம் போட்டு வேகவைத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். அவருக்கு மட்டும்.

"உனக்கு?"

"நீங்களே சாப்பிடுங்க. நன்றி உங்களுக்குத்தானே சொன்னான்?"

"நீதானேடி பல்பு கேட்டே?"

"கேட்டேன். நான் பல்புதான் கேட்டேன். அந்த மனுஷன் புத்தியைக் கழட்டிக்கிட்டு வரச் சொல்லலை."

அசரியா ஒரு வாய் எடுத்தார். தட்டைத் தள்ளி வைத்தார். அன்றிலிருந்து கிறிஸ்மஸ் வரை, இன்று சொல்லிவிடுவேன், இன்று கட்டாயம் சொல்லிவிடுவேன் என்று தினமும் டீசல் கொட்டகை வாசல் வரை போவார். உள்ளே வில்லிஸ் பீப்பாய் உருட்டிக்கொண்டிருப்பான். "என்ன மாமா, ஏதாவது வேணுமா?" என்பான். எண்ணெய் துடைக்கப் பஞ்சு கொஞ்சம் வேணும் என்பார். அவர் வீட்டுக்குப் போனதெல்லாம் கைநிறையப் பஞ்சோடுதான். ஆணி எடுக்காதவர் இப்போது தேவையே இல்லாத பஞ்சை எடுத்துக்கொண்டு நடந்தார். என்ன பயம் அவருக்கு? வேலை போய்விடும் என்பதா? அது இல்லை. காணிக்கைத் தட்டை யாரிடம் கொடுப்பார்கள், தெருவில் தன்னைப் பார்த்து எப்படிச் சிரிப்பார்கள், அதுதான். சீ, இவ்வளவு அற்பமான காரணமா என்று தன் முகத்திலேயே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனாலும் பஞ்சோடுதான் திரும்புவார்.

கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் சாயங்காலம். வாசலில் தடதடவென்று கம்பால் தட்டும் சத்தம். "மம்மர்களை உள்ளே விடுவீங்களா?" என்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுகிற கள்ளக்குரல். வேஷக்காரர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் கிறிஸ்மஸ் தொட்டுப் பன்னிரண்டு நாளும் இதுதான். ஆண் பெண் உடுப்பில், பெண் ஆண் உடுப்பில், முகத்தில் சன்னல் திரையோ தலையணை உறையோ போட்டு மூடிக்கொண்டு வருவார்கள். வீட்டுக்காரர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அவர்கள் முகத்திரையை எடுத்தே ஆக வேண்டும். அதுவரை என்ன கூத்தும் அடிக்கலாம், கோபிக்கக் கூடாது.

நாலு பேர். ரப்பர் பூட்ஸ், வயிற்றில் தலையணை, முகத்தில் லேஸ் திரை. ஒருவர் கையில் வாளியும் கரண்டியும். இன்னொருவர் இரண்டு பல்பைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாலையாகப் போட்டிருந்தார். குண்டுப் பொம்பளை வேஷம் போட்ட ஒருவர் குருடன் மாதிரி கையை நீட்டிக்கொண்டு அடுப்படியெங்கும் தடவினார். அடுப்பைத் தடவி, "இருட்டு! இருட்டு!" என்றார். எரிகிற விளக்குக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "ஒரு பொட்டு வெளிச்சம் இல்லையே சாமி!" என்றார். வாளிக்காரர் டமார் என்று அடித்தார். குண்டுப் பொம்பளை மல்லாந்து விழுந்தார். மற்றவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சொல்லுங்க மாமா, யாரு நாங்க? கண்டுபிடிங்க பார்ப்போம்!"

விழுந்தவர் எழுந்திருக்கும்போது இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பவர் ஹவுஸில் பல வருஷமாக அசரியா தினம் பார்த்த எழுந்திருத்தல் அது. தெரிந்துவிட்டது. திரும்பிக் கெட்டிலை எடுத்து அடுப்பில் வைத்தார்.

"அட, தெரியலையா? மாமாவுக்கும் கண்ணு போயிடுச்சா?" என்று வாளிக்காரர் கேலி செய்தார்.

அப்போது அந்தக் குண்டுப் பொம்பளை யாரும் பேர் சொல்லாமலே திரையைத் தூக்கினார். ஊர் வழக்கத்தில் அப்படிச் செய்யவே மாட்டார்கள். வியர்த்து வழிகிற முகத்தோடு வில்லிஸ் சிரித்தான். "நான்தான் மாமா! எல்லாரும் சிரிக்கறாங்க, சரி, நானும் கூடச் சேர்ந்து சிரிச்சுட்டா வலிக்காதேன்னு பார்த்தேன். வீடு வீடா இதைத்தான் ஆடிக்கிட்டு வர்றோம். எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுது. உங்களுக்குத்தான் சிரிப்பு வரலை."

டல்சி எழுந்து நின்றாள். கணவனைப் பார்த்தாள்.

"வில்லிஸ்" என்றார் அசரியா. "விளக்கு எரியலைடா. அன்னைக்கு. செத்த பல்பு அது. நல்ல பல்பை நான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன், பாதிரியாருக்காக. உன்கிட்ட சொல்ல வெட்கப்பட்டேன். சத்தம் கேட்டதும் ஓடிவந்து இருட்டுல மாத்தி வெச்சேன். இன்ஜினியர்கிட்ட பொய் சொன்னேன். எல்லாம் நான்தான்."

வாளிக்காரர் திரையைத் தூக்கினார், செஸ்லி. அவன் முகத்தில் ஈயாடவில்லை. அசரியா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அடிக்கட்டும், அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார்.

வில்லிஸ் மெதுவாகக் கேட்டான். "செத்த பல்பா?"

"ஆமாம்."

"மெஷினைக் கிளப்பினதுலேருந்து இருட்டா?"

"இருட்டேதான். நீ பார்த்தது சரி."

"அப்போ... எனக்கு இருட்டாத் தெரிஞ்சது, நிஜமாவே இருட்டா?"

"நிஜமாவே இருட்டுடா."

வில்லிஸ் பெஞ்சில் உட்கார்ந்தான். பொம்பளைப் பாவாடையை இரண்டு கையாலும் அள்ளி முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதான். பிறகு பார்த்தால் சிரிக்கிறான். "பிளாஞ்ச்! கேட்டியாடி? எனக்கு ஒண்ணுமில்லைடி! எங்கப்பா மாதிரி இல்லைடி!" பல்பு மாலை போட்டிருந்த வேஷத்தின் கையைப் பிடித்து உலுக்கினான். செஸ்லியின் முதுகில் ஓங்கி அறைந்தான். "என் துப்பாக்கியை நாளைக்குக் காலையில கொண்டாந்து குடுத்துடணும், ஆமா!"

"நாளைக்கே கிராண்டிகிட்ட போறேன். எல்லாத்தையும் சொல்றேன். போர்டு வேலை உன்னுது" என்றார் அசரியா.

"அது கிடக்கட்டும் மாமா" என்றான் வில்லிஸ். எழுந்து வந்து அசரியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் இன்னும் நிற்கவில்லை. "சொன்னீங்களே, அது போதும். ரொம்ப நன்றி மாமா. ரொம்ப நன்றி." பேச்சுக்காகச் சொல்லவில்லை, மனசார நன்றி சொன்னான். அசரியாவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கையை விடுவித்துக்கொள்ளவும் தைரியம் வரவில்லை.

அவர்கள் கிளம்பினார்கள். வில்லிஸ் பாட்டுப் பாடிக்கொண்டே பனியில் இறங்கிப் போனான். பல்பு மாலை போட்ட வேஷம் மட்டும் வாசலில் நின்றது. லேஸ் திரையை எடுத்தது. பிளாஞ்ச்.

"அத்தை, உங்களுக்கு நல்ல கிறிஸ்மஸ்" என்று டல்சியிடம் சொன்னாள். பிறகு அசரியா பக்கம் திரும்பினாள். அவள் குரல் ஏறவே இல்லை.

"தினம் ராத்திரி எழுந்து உட்கார்ந்துக்குவாரு மாமா. விளக்கைப் போடுவாரு. 'பிளாஞ்ச், இப்ப எரியுதா?'ன்னு கேட்பாரு. எரியுதும்பேன். அணைப்பாரு. 'இப்ப?' எரியலைம்பேன். நான் சொன்னதும் தனக்குத் தெரியறதும் ஒண்ணாருக்கான்னு பார்த்துக்குவாரு. விடியற வரைக்கும் இதுதான். பிள்ளைங்க முழிச்சுக்கிட்டு பயந்துபோய்ப் பார்க்கும். எரியுது, எரியலை, எரியுதுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சிருக்கு. அவரு உங்களை மன்னிச்சுட்டாரு. அவரு அப்படித்தான், வெள்ளந்தி. நான் மன்னிக்கலை."

கழுத்திலிருந்த மாலையைச் சரிசெய்துகொண்டு அவள் கணவன் பின்னால் போனாள். அசரியா கதவைச் சாத்தாமல் நின்றார். வீட்டுக்குள் குளிர் புகுந்தது. டல்சியும் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.